முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட பேச்சு ஆரம்பிக்கறது எப்படி? என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் பதினாலு வருஷம் மெடிக்கல் ரெப்பா இருந்தவன். திண்டுக்கல், பெரியகுளம், தேனி, கம்பம்னு லைன்ல சுத்துனேன். அந்த வேலையில டாக்டர் ரூமுக்குள்ள மருந்து பத்தி பேசுறது ரெண்டு நிமிஷம்தான், வெளிய பெஞ்சுல பேஷண்ட்டுங்களோட பேஷண்ட்டா உக்காந்திருக்கறது ரெண்டு மணி நேரம். அப்படி பேசிப் பழகுனதுதான் எல்லாம், வேற எங்கயும் கத்துக்கல. இப்ப ஜூனியர் பசங்க, சொந்தக்காரப் பிள்ளைங்க, சென்னையில ஹாஸ்டல்ல தனியா இருக்குறவங்கன்னு ஆளாளுக்கு ஒரே சந்தேகத்தையே கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட முடியல, அதான் கேட்டது கேட்டபடியே இங்க எழுதிட்டேன்.

ஆரம்பிக்கறதுக்கு ஒரு நல்ல லைன் சொல்லுங்க ப்ரோ, மனப்பாடம் பண்ணிக்கிறேன்

அப்படி ஒரு லைன் இல்ல. மனப்பாடம் பண்ணிட்டு வந்து சொன்னா, இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லப் போறான்னு எதிர்ல இருக்குறவரு பைய மடியில எடுத்து வச்சுக்குவாரு. ரெண்டு பேருமே ஏற்கெனவே எதையோ பாத்துக்கிட்டுதான் இருப்பீங்க, அதப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா போதும். வராத பஸ், நகராத க்யூ, கொதிக்கிற டீ, இப்படி ஏதோ ஒண்ணு.

கம்பத்துல ஒரு கிளினிக், வெயிட்டிங் ஹால்ல ஒரு சீலிங் ஃபேன். கம்பி கட்டி வச்சிருந்தாங்க, சுத்தும்போது மொத்தமா ஆடும். பக்கத்துல வேட்டி கட்டுன பெரியவர் ஒருத்தர் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தாரு. "இது விழுந்தா டோக்கன் இல்லாமயே நம்மள உள்ள கூப்பிடுவாங்க போல"ன்னு சொன்னேன், அவ்வளவுதான். அவர் பன்னீர் திராட்சை போட்டிருந்த விவசாயி. கம்பம் பள்ளத்தாக்குல மட்டும் எப்படி வருஷம் பூரா திராட்சை வருது, கொடிய வெட்டி விடுற கவாத்து எப்ப பண்ணணும், மழை பெஞ்சா பழம் எப்படி வெடிக்கும்னு முக்கால் மணி நேரம் ஓடுச்சு. கடைசியில டோக்கன கூப்பிட்டது ரெண்டு பேர் காதுலயும் விழல, நர்ஸ் வந்து திட்டுனாங்க.

நாம பேசுனா அவங்களுக்குத் தொந்தரவா இருக்காதா? மூஞ்சில அடிச்ச மாதிரி ஏதாவது சொல்லிட்டா?

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்ல. சிகாகோவுல நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ரயில்ல வேலைக்குப் போறவங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2014ல வெளியிட்டாங்க. கொஞ்சம் பேர பக்கத்துல இருக்குற தெரியாத ஆள்கிட்ட பேசச் சொன்னாங்க, கொஞ்சம் பேர தனியா சும்மா உக்காரச் சொன்னாங்க, மிச்சப் பேர எப்பவும் போல இருக்கச் சொன்னாங்க. பேசுனவங்களுக்குத்தான் பயணம் நல்லா இருந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, "இப்படிப் பேசச் சொன்னா எப்படி இருக்கும்"னு வேற ஆளுங்ககிட்ட சும்மா கேட்டதுக்கு, தனியா உக்காந்தாதான் நிம்மதின்னு நேர் எதிரா சொல்லியிருந்தாங்க.

அது அந்த ஊருன்னு சொல்லாதீங்க. நம்ம ஊர்ல இன்னும் ஈஸி. என் அனுபவத்துல மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னவங்கள ஒரு கை விரல்ல எண்ணிடலாம். அதுலயும் ஒருத்தருக்குப் பல்லு வலி, அவர எப்படி குத்தம் சொல்றது.

யாருக்குப் பேச இஷ்டம், யாருக்கு இல்லன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதல் பதில வச்சு முடிவு பண்ணாதீங்க, திடீர்னு கேட்டா யாரா இருந்தாலும் "ஆங்"னுதான் சொல்லுவாங்க. ரெண்டாவது பதிலப் பாருங்க. "பஸ் போயிடுச்சாங்க?"ன்னு கேட்டா "தெரியல"ன்னு நிறுத்துறவர் ஒரு ரகம். "தெரியலங்க, நானும் கால் மணி நேரமா நிக்கிறேன்"ன்னு கேக்காததையும் சேத்து சொல்றவர் இன்னொரு ரகம், அவர் கதவத் தொறந்துட்டார். உங்ககிட்ட திருப்பி ஒரு கேள்வி கேட்டுட்டா அதுக்கு மேல சந்தேகமே வேணாம்.

ரெண்டு தடவ "ம்"னு வந்து கண்ணு போனுக்குத் திரும்புச்சுன்னா விட்டுடுங்க. ரெண்டு காதுலயும் இயர்போன் இருந்தா ஆரம்பிக்கவே வேணாம். வாய் பேசிக்கிட்டே உடம்பு வேற பக்கம் திரும்புற ஆளும் உண்டு, மரியாதைக்காக பதில் சொல்றாங்க பாவம்.

எப்படிக் கூப்பிடறது? அண்ணாவா சாரா ப்ரோவா? ஒரு அக்காவ ஆன்ட்டின்னு சொல்லி மானமே போச்சு

சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. தமிழ்ல ஒரு வசதி இருக்கு, கூப்பிடாமயே பேசலாம். "இந்த வண்டி பழனி போகுங்களா?", "இந்த சீட்டுல ஆள் வராங்களா?" அந்த "ங்க" போதும், மரியாதையும் வந்துடும், வயசு கணக்குப் போடுற வேலையும் இல்ல. நாலு வார்த்தை பேசுனதுக்கு அப்புறம் முறை தானா வந்து ஒட்டிக்கும்.

கூப்பிட்டே ஆகணும்னா ஊரப் பாத்துக்கோங்க. மதுரைப் பக்கம் "அண்ணே", திருநெல்வேலிப் பக்கம் கடைக்காரர் "அண்ணாச்சி", கோயமுத்தூர்ப் பக்கம் "ஏனுங்க"ன்னு ஆரம்பிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது, சென்னையில "ப்ரோ", "ஜி" ரெண்டும் ஓடுது. பொம்பளைங்கள "அக்கா"ன்னு கூப்பிட்டு யாரும் கோவப்பட்டுப் பாத்ததில்ல, "ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டு சந்தோஷப்பட்டும் பாத்ததில்ல. வயசானவங்கள "ஐயா", "அம்மா". "தாத்தா"ங்கறது அவரா பேரன் பேத்தி கதைய ஆரம்பிச்ச பிறகு.

இதுல எனக்கு எரிச்சலான ஒரு விஷயம் இருக்கு. பேண்ட் சட்டை இன் பண்ணுனவர "சார்"ங்கறது, அடுத்த நிமிஷமே ஆட்டோக்காரர "ஏம்பா"ங்கறது, கூட்டுற அம்மாவ "நீ வா போ"ங்கறது. வாட்ச்மேனுக்கு அறுபது வயசு இருக்கும், இருபத்தி ரெண்டு வயசுப் பையன் "கேட்ட தொற"ன்னு சொல்றான். அப்படிச் சொல்றவங்களுக்கு நான் இங்க எழுதுனது எதுக்கும் உதவாது. தெரியாதவங்க எல்லாருமே "நீங்க"தான், குழந்தைங்க தவிர.

எங்க போறீங்கன்னு கேட்டு ஆரம்பிக்கலாமா? எங்க பாட்டி இதுக்குத் திட்டும்

பாட்டி சொல்றது சரி. வீட்ட விட்டுக் கிளம்புற ஆள "எங்க போறீங்க"ன்னு கேட்டா போற காரியம் விளங்காதுன்னு நினைக்கிறவங்க இன்னும் நிறைய. அதுக்குத்தான் "தூரமா?"ன்னு கேப்பாங்க. சொல்ல இஷ்டம்னா சொல்லலாம், இல்லன்னா "இங்கதான் பக்கத்துல"ன்னு தப்பிக்கலாம். பஸ், ட்ரெயின்ல ஏறி உக்காந்த பிறகு அந்தத் தோஷம் எல்லாம் இல்ல, தாராளமா கேளுங்க.

ட்ரெயின்ல எதிர் சீட்டுல இருக்குறவங்ககிட்ட எப்படி? எட்டு மணி நேரம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வரணும்

ட்ரெயின்தான் இருக்குறதுலயே ஈஸி. ஆர்ஏசி டிக்கெட்னா சைடு லோயர்ல ரெண்டு பேர் கால மடக்கிக்கிட்டு எதிரெதிரா உக்காந்தாகணும், பேசாம இருக்குறதுதான் அங்க கஷ்டம். "உங்களுக்கு எத்தனாவது நம்பர், கன்ஃபார்ம் ஆகும்னு நினைக்கிறீங்க?" இத விட நல்ல ஆரம்பம் எங்க கிடைக்கும். ஸ்லீப்பர்ல "மிடில் பெர்த் எப்ப போடலாம்?"னு கேளுங்க. ரூல்படி ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும்தான் படுக்குறதுக்கு, ஆனா ஒம்பது மணிக்கே கண்ணு சொக்குற பெரியவங்க இருப்பாங்க. அவங்களுக்காக நீங்க முன்னாடியே கேட்டு எந்திரிச்சீங்கன்னா அங்க சுத்தி உக்காந்திருக்குறவங்க மொத்தப் பேரும் உங்க பக்கம்.

சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது "வாங்க சாப்பிடலாம்"னு ஒரு வார்த்தை சொல்லணும், எதிர்ல இருக்குறவர் "இல்லீங்க, இப்பத்தான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க"ன்னு சொல்லணும். ரெண்டு பேருக்குமே அது சம்பிரதாயம்னு தெரியும், இருந்தாலும் சொல்லாம தின்னா தப்பா தெரியும். நிஜமாவே வாங்கித் தின்னலாமான்னா, மயக்க மருந்து கலந்து குடுத்துத் திருடுறது நடந்திருக்கு, அதனாலதான் தெரியாதவங்க குடுக்குறத வாங்காதீங்கன்னு ஸ்டேஷன்ல அறிவிப்பு பண்றாங்க. குடும்பமா வந்து எல்லாரும் ஒரே டப்பாவுல இருந்து தின்னுக்கிட்டே குடுக்குற புளியோதரைய நான் வாங்குவேன். தனியா ஒருத்தர் பிரிச்ச பிஸ்கட் பாக்கெட்ட நீட்டுனா "சுகருங்க"ன்னுடுவேன். எனக்கு சுகர் இல்ல.

என்ன வெயிலு, சாப்டீங்களா, இதெல்லாம் வெட்டிப் பேச்சு இல்லையா? அர்த்தமா ஏதாவது பேசக் கூடாதா?

மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியல் அறிஞர், பசிபிக்ல ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல ஜனங்களோட தங்கி இருந்தவர், 1923லயே இதப் பத்தி எழுதிட்டார். இந்த மாதிரி பேச்சு தகவல் சொல்றதுக்கு இல்ல, ஒருத்தர ஒருத்தர் கட்டி வைக்கறதுக்குன்னு. வெயில் அடிக்குதுன்னு அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். "என்ன வெயிலு"ன்னா "நான் வம்பு பண்ற ஆள் இல்ல, பேசலாமா"ன்னு அர்த்தம். எடுத்த உடனே "வாழ்க்கையில உங்க லட்சியம் என்ன"ன்னு கேட்டீங்கன்னா எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிடுவாங்க.

டீக்கடையில எல்லாரும் ஒரு செட்டா நிக்கிறாங்க, உள்ள எப்படி நுழையறது?

நுழையாதீங்க. ஒரே கடைக்கு ஒரே நேரத்துக்கு நாலு நாள் போங்க, அஞ்சாவது நாள் மாஸ்டரே "எப்பவும் போல சர்க்கரை கம்மியா?"ன்னு கேப்பார், மத்தவங்க காதுல அது விழும், நீங்க அந்தக் கடை ஆள். இன்னொரு வழி பேப்பர். நம்ம டீக்கடையில பேப்பர் ஒரு ஆள்கிட்ட முழுசா இருக்காது, ஷீட் ஷீட்டா பிரிஞ்சு கிடக்கும். "அண்ணே, அந்த நடுப் பக்கம் முடிச்சிட்டீங்களா?"ன்னு கேட்டு வாங்குங்க, குடுக்கும்போது நியூஸோட சேத்துத்தான் குடுப்பார்.

"இங்கு அரசியல் பேசாதீர்கள்"னு போர்டு இருந்தா, அந்தக் கடையில அரசியல் நல்லாவே ஓடுதுன்னு அர்த்தம். முதல் வாரம் வாயத் திறக்காம கேளுங்க, யாரு எந்தக் கட்சின்னு தெரிஞ்ச பிறகு பாத்துக்கலாம்.

எந்த ஊருன்னுதான் கேட்டேன், ஏன் அவர் மூஞ்சி மாறிடுச்சு?

இது கொஞ்சம் விரிவா சொல்ல வேண்டியது. "எந்த ஊரு?" நல்ல கேள்விதான், நானே ஆயிரம் தடவ கேட்டிருப்பேன். ஆனா நம்ம ஊர்ல அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு படிக்கட்டு இருக்கு. எந்த ஊரு, அந்த ஊர்ல எங்க, எந்தத் தெரு, யாரு வீடு, அப்பா பேரு என்ன, குலசாமி எது. ஒவ்வொரு படியா இறங்கி கடைசியில சாதிக்குப் போய் நிக்கும். கேக்குறவருக்கு அது சாதாரணமா இருக்கலாம். பதில் சொல்றவர் வாழ்க்கை பூரா இந்தப் படிக்கட்ட இறங்கி, கடைசிப் படியில குரல் மாறுறதக் கேட்டவரா இருக்கலாம், வாடகைக்கு வீடு பாக்கப் போன எடத்துல "வீடு வேற ஆளுக்கு சொல்லிட்டோம்"னு கேட்டவரா இருக்கலாம். உங்க முதல் கேள்வியிலயே அவருக்கு அஞ்சாவது கேள்வி தெரிஞ்சுடும், மூஞ்சி மாறாம என்ன பண்ணும்.

அதனால ஊர் பேரு வந்ததும் கீழ இறங்காதீங்க, பக்கவாட்டுல போங்க. "ஒட்டன்சத்திரமா? அங்க மார்க்கெட்டுல தக்காளி என்ன விலை போகுது?", "தேனியா, மேகமலையில இப்ப குளிருமா?" அவரா தெருவச் சொன்னா கேட்டுக்கோங்க, நீங்களா கேக்காதீங்க. "சைவமா அசைவமா"ங்கறதும் சில நேரம் இதே படிக்கட்டுதான்.

உங்ககிட்ட யாராவது இறங்குனா? நான் "மதுரைப் பக்கம்ங்க"ன்னு நிறுத்திடுவேன். "மதுரையில எங்க?"ன்னா "பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போயிடலாம்"பேன். "நீங்க என்ன ஆளுங்க?"ன்னே நேரா ஒருத்தர் கேட்டார். "மருந்து விக்கிற ஆளுங்க"ன்னேன். அதுக்கு மேல அவரும் கேக்கல, எனக்கும் அவர்கிட்ட பேச ஒண்ணும் இல்ல.

கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனை, சம்பளம் எவ்வளவு, இதெல்லாம் நம்ம ஊர்ல சகஜம்தானே?

கேக்குறவங்களுக்கு சகஜம். கல்யாணம் ஆகி ஏழு வருஷமா ஆஸ்பத்திரிக்கு நடக்குற பொண்ணுகிட்ட "விசேஷம் ஒண்ணும் இல்லையா?"ன்னு பெஞ்சுல ஒரு அம்மா கேட்டத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். அந்தப் பொண்ணு ஃபைலத் திறந்து திறந்து மூடுச்சு. ஆஸ்பத்திரியில "உங்களுக்கு என்ன?"ன்னே கேக்காதீங்க, "டோக்கன் எத்தன?" போதும். சொல்லணும்னு இருந்தா அவங்களே சொல்லுவாங்க.

கைக்குழந்தையோட இருக்குறவங்ககிட்ட குழந்தையப் பாத்து சிரிச்சு ஆரம்பிக்கலாம், ஆனா "கொழுகொழுன்னு இருக்கே"ன்னுடாதீங்க, கண்ணு வச்சுட்டீங்கன்னு அன்னைக்கு ராத்திரி சுத்திப் போடுவாங்க. போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க.

பொண்ணுங்ககிட்ட எப்படிப் பேச்சு ஆரம்பிக்கறது அண்ணா?

எல்லாரும் கடைசியில கேக்கணும்னு வச்சிருக்குற கேள்வி இதுதான், முதல்ல கேட்டதெல்லாம் சும்மா. என் தங்கச்சிகிட்ட குடுத்தேன், அவ சொன்னத அப்படியே தரேன்: "அவன் பக்கத்துல ஒரு தாத்தா இருந்தா அவர்கிட்டயும் அதே கேள்வியக் கேப்பானான்னு யோசிக்கச் சொல்லு. கேப்பான்னா என்கிட்டயும் கேக்கட்டும். என்கிட்ட மட்டும்தான் கேப்பான்னா, அது பேச்சு இல்ல, எனக்கும் தெரியும்."

நான் சேக்குறது ஒண்ணே ஒண்ணு. அவங்க எந்திரிச்சுப் போக முடியாத எடத்துல ஆரம்பிக்காதீங்க. ஆளில்லாத ஸ்டாப், லிஃப்ட், ராத்திரி ஷேர் ஆட்டோ, அங்கெல்லாம் நீங்க எவ்வளவு நல்லவனா இருந்தாலும் அது அவங்களுக்குத் தெரிய வழி இல்ல.

நான் பொண்ணு. சிரிச்சுப் பேசுனாலே நம்பர் கேக்குறாங்க, அதனால பேசுறதையே விட்டுட்டேன்

இதுவும் தங்கச்சிதான். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லன்னு 2021ல வந்ததுல இருந்து அவ தினமும் பஸ்லதான் வேலைக்குப் போறா. லேடீஸ் சீட்டுல பேச்சு தானா வருதாம், பூக்கூடை, டிபன் கூடை, ஸ்கூல் பை, யாராவது ஒருத்தர் மடியில இன்னொருத்தர் சாமான் இருக்கும், "இதக் கொஞ்சம் வச்சுக்கோக்கா"ன்னு ஆரம்பிச்சா பூ முழம் என்ன விலைன்னு போகும். ஆரம்பிக்கணும்னு ஆசை இருந்தா அங்க ஆரம்பிங்கங்கறா. நம்பர் கேக்குறவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லயாம், "குடுக்கறதில்லைங்க"ன்னு முடிச்சுட்டு பக்கத்துல இருக்குற அக்காகிட்ட திரும்பிடுவாளாம்.

யாரா இருந்தாலும் சரி, வீட்டு அட்ரஸ், வீடு பூட்டியிருக்கு, தனியாதான் இருக்கேன், இது மூணும் பேச்சுல வர வேணாம்.

ஹிந்திக்காரப் பசங்ககிட்ட எப்படிப் பேசறது? எனக்கு ஹிந்தி சுத்தமா வராது

திருப்பூர், கோயமுத்தூர்ல அந்தப் பசங்களுக்கு உங்கள விட நல்லா தமிழ் வரும், முதல்ல தமிழ்லயே கேட்டுப் பாருங்க. எல்லாருக்கும் ஹிந்தி தாய்மொழியும் இல்ல, ஒருத்தன் ஒடியா, ஒருத்தன் பெங்காலி. எங்க டீக்கடையில வடை போடுற பையன்கிட்ட "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?"ன்னு கேட்டேன், அஞ்சு நிமிஷம் எண்ணெய் காயக் காய விளக்குனான், வடை கொஞ்சம் கருகிடுச்சு.

பேசும்போது நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்கு வந்தா உளறிட்டமோன்னு ராத்திரி பூரா ஓடுது

எரிகா பூத்பின்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் 2018ல இதையே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. முதல் தடவையா பேசிக்கிட்ட ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா கேட்டா, ரெண்டு பேருமே "எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சு, அவருக்கு என்னைய அவ்வளவு பிடிக்கல போல"ன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் குறைச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க. நீங்க உளறுனத நினைச்சு நீங்க புரள்ற நேரத்துல, அவர் உளறுனத நினைச்சு அவர் புரண்டுக்கிட்டிருப்பார்.

ஒருத்தர் விடவே மாட்டேங்கறார், எப்படி முடிக்கறது?

எழுந்துக்கிட்டே பேசுங்க, உக்காந்துக்கிட்டே முடிக்கப் பாத்தா முடியாது. அவர் சொன்னதுல ஏதாவது ஒண்ண எடுத்து "அந்தத் திராட்சைக் கவாத்து மேட்டர் நல்லா இருந்துச்சுங்க"ன்னு சொல்லிட்டு "சரிங்க, வரேன்". போறேன்னு சொல்லக் கூடாது, ஜென்மத்துல இனிமே பாக்கப் போறதில்லன்னாலும் "வரேன்"தான். அவரும் "வாங்க, வாங்க"ம்பார். பஸ் ஓடிக்கிட்டிருக்கும்போது எழ முடியாதேன்னா கண்ண மூடி தூங்குங்க, நம்ம ஊர்ல அதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

மூணு மணி நேரம் பேசிட்டு பேரே கேக்காம இறங்கிட்டேன், இது தப்பா?

தப்பே இல்ல, நம்மாளுங்க பேரக் கடைசியிலதான் கேப்பாங்க, பாதி நேரம் கேக்கவே மாட்டாங்க. அதுக்கு முன்னாடி பேர் கேட்டா மேல சொன்ன படிக்கட்டோன்னு சந்தேகம் வேற வரும். என் போன்ல "முறுக்கு அண்ணே வைகை"ன்னு ஒரு நம்பர் இருக்கு. வைகை எக்ஸ்பிரஸ்ல திண்டுக்கல் தாண்டி முறுக்கு வாங்குனப்ப சில்லறை இல்லாம என்கிட்ட வாங்குனவர், விழுப்புரத்துல மாத்திக் குடுத்தார், நடுவுல பேசுனது அவர் பொண்ணு நர்சிங் சீட்டு பத்தி. நம்பர் வாங்குனோம், பேர் கேக்க மறந்துட்டோம். அப்புறம் அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கே கூப்பிட்டார், பத்திரிகையப் பாத்துத்தான் அவர் பேரு தெரிஞ்சுது. மண்டபத்துல கூட்டத்துக்குள்ள ஆளக் காணோம்னு போன் அடிச்சேன், பக்கத்துலயே ஒரு போன் அடிச்சுது. எட்டிப் பாத்தா ஸ்கிரீன்ல "சில்லறை தம்பி"ன்னு ஓடுது.